ஒரே ஆட்டத்தில் கட்டிப்போடலாமா?



பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் இரண்டு வாரங்களாக என் மேசைமேல் கிடக்கிறது. பள்ளிப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் முன்னும் பின்னும் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. விஷயம் இதுதான்.

அவருடைய மூத்த மகள் இரண்டாம் படிவத்தில் படிக்கிறாள், வயது 14. தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே ஓட்டப் பந்தயங்களில் முதலாவதாக வருவாள். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு ஹாக்கியும் பழகிக்கொண்டாள். இந்த ஆண்டு 800 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் வந்திருக்கிறாள். பள்ளி ஹாக்கிக் குழுவிலும் இருக்கிறாள். இப்போது ஹாக்கி ஆசிரியர் கூப்பிட்டு, "ஓட்டத்தை விட்டுவிடு. வாரம் ஐந்து நாள் பட்டணத்துத் திடலில் பயிற்சிக்கு வா. இரண்டையும் வைத்துக்கொண்டிருந்தால் ஒன்றிலும் தேறமாட்டாய்" என்று சொல்லிவிட்டார். ஓட்டப் பயிற்சி தரும் ஆசிரியையோ, "அடுத்த ஆண்டு மாநிலத்துக்கே போவாய், ஹாக்கி எதற்கு?" என்கிறார். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

"என் வீட்டுக்காரர், எதையாவது ஒன்றைப் பிடித்து உருப்படட்டும் என்கிறார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வேண்டாம் என்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் இருவரும் படிக்காதவர்கள். நீங்கள் வாத்தியாராய் இருந்தவர். என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள், ஐயா" என்று முடித்திருக்கிறார்.

தாயே, படிக்காதவர்கள் என்று உங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். உங்களைக் குழப்பும் இதே கேள்வியை வைத்துக்கொண்டு பெரிய பெரிய நாடுகளில் மருத்துவர்களும் பேராசிரியர்களும் பல ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். என் பதிலைச் சொல்லுமுன் கொஞ்சம் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிள்ளையாக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. பெரட்டுக் களத்துக்குப் பின்னால் ஒரு திடல். அதில் மழைக்காலத்தில் காற்பந்து. வெயில் அடித்தால் சடுகுடு. ஆலயத் திருவிழா நெருங்கினால் ஓட்டப் பந்தயம், சாக்கு ஓட்டம், வடம் இழுத்தல். கிராணி வீட்டிலிருந்து பழைய பூப்பந்து மட்டை ஒன்று கிடைத்துவிட்டால் இரண்டு மாதம் பூப்பந்துதான். அஞ்சடியில் சுண்ணாம்பால் கோடு கிழித்து, வலைக்குப் பதிலாகக் கயிறு கட்டி ஆடுவோம். பக்கத்துக் கம்போங் பையன்கள் வந்தால் செப்பாக் தக்ராவ். பந்து மாறிக்கொண்டே இருக்கும். ஆடும் கால்கள் மாறா. எவனுக்கு எது வரும் என்று அந்தத் திடலே சொல்லிவிடும். பயிற்சியாளர் யார்? நாங்கள்தான். ஓய்வு எப்போது? இருட்டியதும்.

அந்தத் திடல்கள் இன்று எத்தனை தோட்டங்களில் இருக்கின்றன? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, நம்மில் பாதிப் பேர் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். பிள்ளை விளையாட வேண்டுமென்றால் இன்று யாராவது ஒரு பயிற்சியாளரிடம் கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஆட்டம். அவர் ஆட்டத்துக்குத்தான் அவர் ஆள் சேர்ப்பார். அதில் குற்றமில்லை. ஆனால் பிள்ளையின் உடம்பு முழுவதையும் பார்க்க வேண்டியவர் அவரல்லர், நாம்.

சிங்கப்பூரின் குணாளனை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். சி. குணாளன் ஓர் ஆசிரியர். ஏறத்தாழ 20 வயதுவரை அவர் ஓட்டக்காரரே அல்லர், காற்பந்தாட்டக்காரர். பந்தை விரட்டிக்கொண்டு அவர் ஓடுவதைப் பார்த்த டான் எங் யூன் என்ற பயிற்சியாளர்தான், "இந்தக் கால்கள் ஓட்டப் பாதைக்கு வரவேண்டியவை" என்று கண்டுகொண்டார். அதற்குப் பின் நடந்ததைப் பாருங்கள். 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்ஸில் 10.38 விநாடி. அந்த நேரத்தை 2001-இல் யு.கே. ஷியாம் 10.37 விநாடியில் ஓடி முறியடிக்கும்வரை, 33 ஆண்டுகள் எந்தச் சிங்கப்பூர்க்காரராலும் தொட முடியவில்லை. 14 வயதில் ஓட்டத்துக்கு வராதவர் அவர்!

பாங்காக்கில் அவரை மயிரிழையில் முந்தித் தங்கம் வென்றவர் யார்? நம் மலேசியாவின் எம். ஜெகதீசன். "பறக்கும் டாக்டர்" என்று உலகம் அழைத்தது. 100, 200, 4x100 என்று அந்த ஒரு போட்டியிலேயே மூன்று தங்கம். இவர் கதை வேறு மாதிரி. 16 வயதிலேயே 1960-இல் ரோம் ஒலிம்பிக்ஸுக்குப் போய் 400 மீட்டர் ஓடியவர். அப்படிப் பார்த்தால் சிறுவயதிலேயே ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டவர்தான். ஆனால் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு படிப்பை விட்டாரா? மருத்துவம் படித்துக்கொண்டே ஓடினார். 1968-இல் அவர் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடிய தேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள் நின்றது.

ஒரே பந்தயத்தில் முதலும் இரண்டுமாக வந்த இரண்டு தமிழர்கள் இருவேறு வழியாக அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆகவே "இதுதான் வழி" என்று மேசையைத் தட்டிச் சொல்பவர் எவராக இருந்தாலும், ஒரு வினாடி யோசியுங்கள்.

இனி என் வீட்டுக் கதை. சொல்ல மனம் வரவில்லை; சொல்லாமல் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவும் முடியவில்லை.

என் அக்காள் மகன் ஒருவன். பேர் வேண்டாம். சிறு வயதில் எதைக் கொடுத்தாலும் ஆடுவான். நீளம் தாண்டுவான், பூப்பந்து ஆடுவான், காற்பந்தில் இடது காலால் அடிப்பான். இடது கால் ஆட்டக்காரனுக்கு எப்போதும் கிராக்கி. 13 வயதில் பள்ளிக் குழுவில் எடுத்தார்கள். அக்காள் என்னிடம்தான் வந்து கேட்டாள்: "தம்பி, அவனை என்ன செய்யலாம்?" நான்தான் சொன்னேன்: "மற்றதையெல்லாம் விடச் சொல்லு அக்கா. பந்தை மட்டும் பிடிக்கட்டும். ஒரு நாள் நாட்டுக்கே ஆடுவான்." வாத்தியார் சொன்னால் வேதவாக்கு அல்லவா?

பள்ளியில் பயிற்சி, மாலையில் பட்டணத்துக் குழுவில் பயிற்சி, சனி ஞாயிறு ஆட்டம். வருடம் முழுக்கப் பந்து. 15 வயதில் இடுப்புக்கு மேலே முதுகில் வலி என்றான். அக்காள் கோடாலித் தைலம் தேய்த்தாள். பயிற்சியாளர் வலி மாத்திரை கொடுத்து இறக்கினார். நானும், "ஆட்டக்காரனுக்கு வலி சகஜம்" என்று தைரியம் சொன்னேன். ஏழு மாதம் கழித்து ஒரு நாள் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட முடியவில்லை. அரசாங்க மருத்துவமனையில் படம் பிடித்துப் பார்த்தபோது முதுகெலும்பில் கீறல். அடிபட்டு உண்டான கீறல் அல்ல. ஒரே இடத்தில் ஓயாமல் விழுந்த சுமையால் உண்டானது. வளரும் பிள்ளைகளுக்கு இது வருவது அபூர்வமில்லை என்றும், முதல் மாதமே வந்திருந்தால் ஓய்விலேயே எளிதாய் ஆறியிருக்கும் என்றும் டாக்டர் சொன்னார்.

எலும்பு ஒரு வருடத்தில் கூடிவிட்டது. ஆறாதது வேறு ஒன்று. அவன் திரும்பத் திடலுக்குப் போகவில்லை. "சலித்துவிட்டது மாமா" என்றான், அவ்வளவுதான். 16 வயதுப் பையன் சொல்லும் பேச்சா அது? பந்தைத் தவிர அவனுக்கு வேறு ஆட்டம் இல்லை. பந்துக் கூட்டாளிகளைத் தவிர வேறு கூட்டாளிகளும் இல்லை. அது போனதும் மாலை நேரமே வெறுமையாகிவிட்டது. இன்று லாரி ஓட்டுகிறான். நல்ல பிள்ளை, தாயைக் காப்பாற்றுகிறான். தொலைக்காட்சியில் காற்பந்து வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் தொண்டையில் என்னவோ அடைக்கிறது.

உங்களில் பால்மரம் வெட்டியவர்கள் இருப்பீர்கள். நல்ல மரம், பால் கொட்டுகிறது என்பதற்காகத் தினமும் அதே மரத்தை வெட்டுவீர்களா? நாள் விட்டு நாள்தான் கத்தி வைப்போம். பேராசைப்பட்டுத் தினமும் வெட்டினால் பால் வற்றிப் பட்டை மரத்துப்போகும். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் அந்தக் கோடு சுரக்காது. செம்பனையில் குலை வெட்டும் ஆண்களைக் கேளுங்கள்: நீளக் கழியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து அண்ணாந்து இழுத்து, கழுத்தும் தோளும் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று சொல்வார்கள். ஒரே அசைவை ஓயாமல் செய்தால் வளர்ந்த ஆளுக்கே இந்தக் கதி. எலும்பு இன்னும் முற்றாத பிள்ளைக்கு?

பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் வளர்ச்சிக்கென்று மெல்லிய குருத்துப் பகுதி உண்டு. தசைநார் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களும் அந்த வயதில் இளசாகவே இருக்கும். திடீரென்று உயரமாகும் ஆண்டுகளில் எலும்பு முன்னே ஓடும், தசை பின்னே இழுக்கும். அந்த நேரத்தில் குதித்துக்கொண்டும் உதைத்துக்கொண்டும் இருந்தால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்துத் தொட்டாலே வலிக்கும். சிலருக்குக் குதிகாலின் பின்புறம் வலிக்கும். இவை பெரும்பாலும் ஓய்வு கொடுத்தால் தணிபவை. வலியை மறைத்துக்கொண்டு ஓடினால்தான் மாதக்கணக்கில் இழுக்கும். பிள்ளை நொண்டினால், இரவில் வலியால் விழித்தால், இரண்டு வாரமாகியும் வலி ஒரே இடத்தில் நின்றால், தைலத்தை எடுத்து வைத்துவிட்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை, தாய்மார்களுக்கு மட்டும். கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு, ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் நின்றுபோனால், "ஓடுகிற பிள்ளை, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். உழைப்புக்குத் தக்க சாப்பாடு உடம்புக்குப் போகவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம். அப்படியே தொடர்ந்தால் எலும்பும் பலம் குன்றும். டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம். மத்தியானம் பள்ளியில் ஒரு பொட்டலம் பீஹூன், மாலை பயிற்சி முடிந்து இரவு எட்டு மணிக்குச் சோறு என்றால் எந்தப் பிள்ளையின் உடம்பு தாங்கும்? அவித்த முட்டை இரண்டு, ஒரு பிடி கடலை, வாழைப்பழம் என்று பையில் போட்டு அனுப்புங்கள்.

சரி, படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் ஓர் அறிக்கை தந்தது. பெரும்பாலான ஆட்டங்களில் 15, 16 வயதுவரை ஒரே ஆட்டத்தில் பிள்ளையைக் கட்டிப்போடாமல் இருப்பதே நல்லது என்றார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு. தன் முக்கிய ஆட்டத்திலிருந்து ஆண்டில் மொத்தம் மூன்று மாதம் விடுப்பு, அதையும் ஒரே மூச்சாக அல்லாமல் மாதம் மாதமாகப் பிரித்து எடுக்கலாம் என்றும் சொன்னார்கள். காயம்பட்ட இளம் விளையாட்டாளர்களை ஆராய்ந்த மருத்துவர்கள் இன்னொரு கணக்கும் கண்டார்கள். மனத்தில் பதிய வைத்துக்கொள்ள எளிதான கணக்கு: பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி போனால் காயம் கூடுகிறது. 14 வயதென்றால் 14 மணி நேரம். ஹாக்கி, ஓட்டம் எல்லாம் சேர்த்து.

வெற்றி விஷயத்திலும் ஒரு வேடிக்கை. 6,000-க்கும் மேற்பட்ட விளையாட்டாளர்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2021-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சிறுவர் பிரிவில் முதலிடம் பிடிப்பவர்கள் தங்கள் ஆட்டத்தைச் சீக்கிரம் தொடங்கி, அதை மட்டுமே அதிகம் பயின்றவர்கள். ஆனால் பெரியவர்களான பின் உலக அளவில் நின்றவர்களைப் பார்த்தால், அவர்கள் சிறுவயதில் பல ஆட்டம் ஆடியவர்கள். தங்கள் முக்கிய ஆட்டத்துக்குச் சற்றுத் தாமதமாகவே வந்தவர்கள். அதாவது 12 வயதில் கோப்பை வாங்கித் தரும் வழியும், 24 வயதில் கோப்பை வாங்கித் தரும் வழியும் ஒன்றல்ல. பள்ளிக்கு இந்த ஆண்டுக் கோப்பை வேண்டும். பிள்ளைக்கு வாழ்நாள் கால் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பள்ளிப் போட்டிகளில் வயதுப் பிரிவைப் பிறந்த ஆண்டை வைத்துத்தானே பிரிக்கிறார்கள்? ஜனவரியில் பிறந்த பெண்ணும் டிசம்பரில் பிறந்த பெண்ணும் ஒரே கோட்டில் நிற்பார்கள். 12 வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது ஒரு சாண் உயரமாகக்கூட இருக்கலாம். முந்தி வளர்ந்த பிள்ளை ஜெயிக்கிறது. பிந்தி வளரும் பிள்ளையை "இதற்கு வராது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மூன்றாண்டு கழித்து ஒதுக்கப்பட்டதுதான் உயர்ந்து நிற்கும். ஆனால் அதற்குள் அது ஆட்டத்தையே விட்டிருக்கும். நானே அப்படி எத்தனை பிள்ளைகளை வரிசையிலிருந்து தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறேனோ!

"அப்படியானால் நிக்கோல் டேவிட்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பினாங்குப் பெண் நிக்கோல் ஏறத்தாழ 5 வயதிலேயே ஸ்குவாஷ் மட்டையைப் பிடித்தவர். 2005 முதல் 2014 வரை எட்டு முறை உலக வெற்றியாளர். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் உலகின் முதல் நிலை. மட்டை ஆட்டங்களில் கண்ணும் கையும் சீக்கிரம் பழக வேண்டும் என்பது உண்மைதான். சீருடற்பயிற்சி, முக்குளிப்பு போன்றவை உடம்பு சிறிதாகவும் வளைந்தும் இருக்கும்போதே தேர்ச்சி பெற வேண்டியவை. அங்கே 15 வயதுவரை காத்திருந்தால் வண்டி போய்விடும். ஓட்டம், ஹாக்கி, காற்பந்து அப்படிப்பட்டவை அல்ல.

ஆனால் சீக்கிரம் தொடங்குவது வேறு, மற்றதையெல்லாம் தடுப்பது வேறு. இந்த இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். டத்தோ லீ சோங் வெய்யை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் அவருக்குப் பிடித்தது கூடைப்பந்து. வெயிலில் வாடுகிறானே என்று தாயார் தடுத்துவிட்டார். 11 வயதில்தான் பூப்பந்துக்கு வந்தார். 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக்ஸில் வெள்ளி. ஒரு தாயின் வெயில் பயம் நாட்டுக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்துவிட்டது பாருங்கள்! பூப்பந்துக் கூடமாக இருந்ததால் தப்பித்தார். அதற்கும் "வேண்டாம், வீட்டில் இரு" என்று சொல்லியிருந்தால்?

சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று. நம் வீடுகளில் பெண் பிள்ளை பெரியவளானதும், ஒரே ஆட்டமா பல ஆட்டமா என்ற கேள்வியே எழுவதில்லை. எந்த ஆட்டமும் வேண்டாம் என்றாகிவிடுகிறது. கறுத்துவிடுவாள், பஸ்ஸில் தனியாக வருவாள், அரைக்கால் சட்டை போடுவாள் என்று ஆயிரம் காரணம். அதைத் தாண்டித் தம் மகளை இரண்டு ஆட்டங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் இந்தத் தாய் தந்தையருக்கு முதலில் என் வணக்கம். 2022-இல் காமன்வெல்த் போட்டியில் பியர்லி டானுடன் சேர்ந்து பூப்பந்து இரட்டையரில் தங்கம் வென்ற தீனா முரளிதரனும், அதே ஆண்டு சாலை விபத்தில் கழுத்தில் பலத்த காயம்பட்டும் மீண்டு வந்து 2024-இல் இலண்டனில் ஸ்குவாஷ் பட்டம் வென்ற சிவசங்கரியும் நம் வீட்டுப் பெண்களைப் போன்ற பெண்கள்தாமே.

பள்ளிகளில் 2011-இல் "ஒரு மாணவர் ஒரு விளையாட்டு" என்ற கொள்கை வந்தபோது பல பெற்றோர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். ஒன்றுக்கு மேல் கூடாது என்பதல்ல அதன் பொருள். எந்தப் பிள்ளையும் விளையாட்டே இல்லாமல் இருக்கக்கூடாது, ஒன்றிலாவது இருக்க வேண்டும் என்பதுதான். பல்கலைக்கழக நுழைவுக்குப் புறப்பாடத்துக்கென்று 10 விழுக்காடு ஒதுக்கியிருப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு ஐந்து நாள் பயிற்சி அவசியமில்லை. மீதி 90 விழுக்காடு புத்தகத்தில்தான் இருக்கிறது. சிங்கப்பூர் வாசகர்களின் நிலை கொஞ்சம் வேறு. அங்கே 2004 முதல் நேரடிச் சேர்க்கைத் திட்டம் இருப்பதால், தொடக்கப்பள்ளி முடிக்கும் 12 வயதிலேயே ஒரு விளையாட்டைக் காட்டி உயர்நிலைப்பள்ளியில் இடம் கேட்கலாம். இடம் கிடைப்பது நல்லதுதான். அதற்காக 8 வயதிலிருந்தே ஒரே ஆட்டத்துக்குப் பிள்ளையை நேர்ந்துவிடும் பெற்றோரைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன், தாயே.

உங்கள் மகளுக்கு 14. இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவள் எதையும் விட வேண்டாம் என்பது என் கருத்து. ஹாக்கிக்கு ஓட்டம் பகையல்ல. 800 மீட்டர் ஓடும் பெண்ணின் மூச்சு ஹாக்கித் திடலில் கடைசிப் பத்து நிமிடத்தில் தெரியும். அதுபோலவே சட்டென்று நின்று, திரும்பி, குனிந்து ஆடும் ஹாக்கி, நேர்க்கோட்டில் மட்டுமே ஓடும் காலுக்கு வேறு வகைப் பலம் தரும். இரண்டுக்கும் போட்டிகள் வரும் மாதங்கள் எவை என்று பள்ளியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டப் போட்டி நெருங்கும்போது ஹாக்கியைக் குறைக்கலாம். ஹாக்கிப் போட்டி வரும்போது ஓட்டத்தைக் குறைக்கலாம். ஐந்து நாள் பயிற்சிக்கு "மூன்று நாள் அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஆனால் ஒரே நாளில் காலையில் ஓட்டப் பயிற்சி, மாலையில் ஹாக்கி என்று இரண்டு ஆசிரியர்களும் தனித்தனியே அவளைப் பிழிந்தால், பல ஆட்டம் ஆடியும் பயனில்லை. என் மருமகன் கதைதான். ஆகவே நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று பள்ளிக்குப் போங்கள். இரண்டு ஆசிரியர்களையும் ஒரே மேசையில் உட்காரச் சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பாருங்கள். 14-ஐத் தாண்டக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். மலாய் சரளமாக வராவிட்டால் பள்ளியில் இருக்கும் தமிழாசிரியர் யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையை இருவரும் போட்டி போட்டுக்கொண்டு கேட்கிறார்கள் என்றால், கை உங்கள் பக்கம்தான் ஓங்கியிருக்கிறது.

நான்காம் படிவத்துக்குப் போகும்போது 16 ஆகியிருக்கும். உயரமும் அநேகமாக நின்றிருக்கும். அப்போது எஸ்.பி.எம். வேறு எதிரே நிற்கும். இரண்டையும் இழுத்துக்கொண்டு போக நேரம் இருக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அதற்குள் ஏதாவது விளையாட்டுப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால், தங்கும் விடுதி, சாப்பாடு, பயிற்சி எல்லாம் கிடைக்கும் என்பதற்காக உடனே தலையாட்ட வேண்டாம். வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டாம். காயம்பட்டால் யார் பார்ப்பார்கள், ஆட்டத்தில் தேறாவிட்டால் படிப்பு என்னவாகும், எந்த வகுப்பில் திரும்பச் சேர்ப்பார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் பழமொழி பெரியவர்களுக்குப் பொருந்தும். அவருடைய மகள் இன்னும் கரையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். இரண்டு காலையும் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தால்தானே எது ஆறு, எது சேறு என்று தெரியும்?

கடைசியாக, உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். ஹாக்கி ஆசிரியர் சொன்னது இருக்கிறது. ஓட்ட ஆசிரியை சொன்னது இருக்கிறது. அப்பா சொன்னது இருக்கிறது. உங்கள் குழப்பம் இருக்கிறது. உங்கள் மகள் என்ன சொல்கிறாள் என்று இரண்டு பக்கத்திலும் ஒரு வரிகூட இல்லை. நானும் அன்று என் அக்காளிடம் பேசினேன். பையனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவளிடம் கேளுங்கள். "எது ஜெயிக்கும்?" என்று கேட்க வேண்டாம். "எந்தப் பயிற்சி நாளன்று காலையில் நான் எழுப்பாமலே நீ எழுந்துகொள்கிறாய்?" என்று கேளுங்கள். அவள் சொல்வதை அவள் கையாலேயே எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். மாதக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.